ஒரு லிட்டர் பெட்ரோல் எத்தனை கிலோ?

"ஒரு லிட்டர் பெட்ரோல் எத்தனை கிலோ இருக்கும்?"

இந்தக் கேள்வியை யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "இது என்ன கேள்வி? ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோதான்" என்பார்கள் சிலர். "பெட்ரோலைத் தராசில் நிறுத்தா வாங்குகிறோம்?" என்று சிரிப்பார்கள் சிலர்.

ஒரு லிட்டர் தண்ணீர்தான் ஒரு கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோதான்!

"அதனால் நமக்கு என்ன?" என்று கேட்டுவிடாதீர்கள். லிட்டரைக் கிலோவாக மாற்றும் இந்தக் கணக்கில் நேர்ந்த ஒரு பிழையால், 69 பேரைச் சுமந்து பறந்த பெரிய விமானம் ஒன்று நடுவானில் எண்ணெய் இல்லாமல் தவித்தது. அந்தக் கதையைப் பின்னால் பார்ப்போம்.

விமானத்தில் தப்பிப்போன அதே கணக்கு, ராசிபுரத்துப் பெட்ரோல் பங்குகளில் ஒவ்வொரு நாளும் நடக்கிறது. பெட்ரோல் போட வருகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. கவனித்தால் லாபம் உண்டு.

நெய்யைப் பார்த்தால் தெரியும்!

ராசிபுரம் என்றதும் நினைவுக்கு வருவது நெய். அந்த நெய்யை இரண்டு விதமாக விற்கலாம். தராசில் நிறுத்து, "இது ஒரு கிலோ" என்று கொடுக்கலாம். அளவைப் பாத்திரத்தில் ஊற்றி, "இது ஒரு லிட்டர்" என்றும் கொடுக்கலாம்.

இரண்டும் ஒன்றா? இல்லவே இல்லை. ஒரு லிட்டர் நெய் ஏறத்தாழ 900 கிராம்தான் இருக்கும். கிலோவுக்கு உரிய விலையைக் கொடுத்து லிட்டர் நெய்யை வாங்கினால், 100 கிராம் நெய் போச்சு!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மார்கழிக் குளிரில் நெய் உறைகிறது. சித்திரை வெயிலில் உருகுகிறது. உருகிய நெய் பாத்திரத்தில் சற்று மேலே ஏறி நிற்கும். இடம் அதிகமாகப் பிடிக்கிறது. எடை கூடிற்றா? இல்லை. ஒரு குன்றிமணி அளவுகூடக் கூடவில்லை.

நம் பாட்டன் பாட்டிகளுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். படியும் வள்ளமும் இடத்தை அளப்பவை. பலமும் வீசையும் மணங்கும் எடையை அளப்பவை. ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே எடை என்று எந்த வீட்டிலும் சொல்லமாட்டார்கள்.

ஒரு லிட்டர் இடத்துக்குள் எத்தனை கிராம் அடைந்திருக்கிறது என்பதற்குத்தான் "அடர்த்தி" என்று பெயர். பொரிக்கு அடர்த்தி குறைவு. அரிசிக்கு அதிகம். லிட்டரையும் கிலோவையும் இணைக்கும் பாலம் இந்த அடர்த்திதான்.

பெட்ரோலின் அடர்த்தி என்ன? இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 15 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஒரு லிட்டர் பெட்ரோல் 720 கிராமுக்குக் குறையக்கூடாது. 775 கிராமுக்கு மிஞ்சக்கூடாது.

கவனித்தீர்களா? ஒரே எண் இல்லை. ஒரு தடவை வருகிற பெட்ரோல் 735 கிராம் இருக்கலாம். மறு தடவை வருவது 750 கிராம் இருக்கலாம். இரண்டும் நல்ல பெட்ரோல்தான். இந்தக் கட்டுரையில் கணக்குப் போடுவதற்காக 745 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

காலன், பீப்பாய், டன்!

ஒரு காலத்தில் நம் நாட்டில் பெட்ரோலைக் காலன் கணக்கில்தான் விற்றார்கள். எடை, அளவுகளை மெட்ரிக் முறைக்கு மாற்றும் சட்டம் 1956இல் வந்தது. 1958ஆம் ஆண்டு முதல் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் கடைவீதிக்கு வந்தன. வீசையும் ராத்தலும் காலனும் விடை பெற்றுக்கொண்டன.

அந்தக் காலனிலும் இரண்டு சாதி உண்டு. இங்கிலாந்துக் காலன் 4.546 லிட்டர். அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர்தான். "ஒரு காலனுக்கு இத்தனை மைல் ஓடும்" என்று வெளிநாட்டு விளம்பரத்தில் கண்டால், எந்த நாட்டுக் காலன் என்று கேட்கவேண்டும்!

பூமிக்கு அடியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயை உலகச் சந்தையில் பீப்பாய்க் கணக்கில் விலை பேசுகிறார்கள். ஒரு பீப்பாய் 42 அமெரிக்கக் காலன். அதாவது ஏறத்தாழ 159 லிட்டர். நாடு செலவழிக்கும் பெட்ரோலை அரசாங்கம் டன் கணக்கில் சொல்லுகிறது. லாரியில் ஏற்றும்போது அது கிலோலிட்டர் ஆகிறது. பங்குக் குழாயில் லிட்டர் ஆகிறது. ஒரே எண்ணெய்க்கு வழி நெடுகப் பல பெயர்கள்!

2023-24ஆம் ஆண்டில் இந்தியா செலவழித்த பெட்ரோல் ஏறத்தாழ 372 லட்சம் டன். கேட்டால் தலை சுற்றுகிறது அல்லவா? அதைச் சின்னதாக ஆக்கிப் பார்ப்போம்.

அந்த நிதியாண்டில் 366 நாட்கள். ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 1,176 கிலோ வருகிறது. லிட்டரில் சொன்னால் 1,580. ராசிபுரத்துக்கு வருகிற 12,000 லிட்டர் டாங்கி லாரி ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தினால், இந்தியா அதை எட்டு வினாடிக்குள் குடித்து முடித்துவிடும்!

ஓடுகிற எண்ணெயை இப்படி "இத்தனை நேரத்துக்கு இத்தனை எடை" என்று சொல்வதற்கு "எடை ஓட்டம்" என்று பெயர். எண்ணெய்க் குழாய், இஞ்சின், ஆகாய விமானம் எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு.

குழாயில் ஓடும் எடை

நம் ஊர்ப் பங்குக்கே வருவோம். கையில் பிடித்துப் போடுகிற சாதாரணக் குழாய், முழு வேகத்தில் நிமிடத்துக்கு 40 லிட்டர் தரக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். எடையில் எவ்வளவு?

40ஐ 0.745ஆல் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 29.8 கிலோ.

அதை 60ஆல் வகுத்தால், வினாடிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ.

60ஆல் பெருக்கினால், மணிக்கு 1,788 கிலோ. அதாவது 1.788 டன்.

ஒரு கிலோ 2.2046 ராத்தல். ஆகவே ராத்தலில் சொன்னால், மணிக்கு ஏறத்தாழ 3,942.

29.8, அரை, 1,788, 1.788, 3,942. ஐந்து எண்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போல் தோன்றுகின்றன. ஆனால் ஐந்தும் ஒரே குழாயில் ஓடும் ஒரே பெட்ரோல்தான்!

இந்தக் கணக்கில் இரண்டு வகைப் படிகள் இருக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் போதும். பாக்கி எல்லாம் பெருக்கல், வகுத்தல்தான்.

முதல் வகை: நிமிடத்தை மணியாக்குவது, கிலோவை ராத்தலாக்குவது. இதற்கு மாறாத எண் உண்டு. 60 என்றும் 60தான். 2.2046 என்றும் 2.2046தான். பெட்ரோலானாலும் பாலானாலும் ஒன்றே.

இரண்டாம் வகை: லிட்டரைக் கிலோவாக்குவது. இதற்கு மாறாத எண் கிடையாது. அது எந்த எண்ணெய், எந்தத் தடவை வந்த எண்ணெய், எத்தனை டிகிரி வெப்பத்தில் இருக்கிறது என்று மூன்றும் தெரியவேண்டும். கணக்குப் போடுகிறவர்கள் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

கொல்லிமலை ஏறும்போது...

இப்போது ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம்-நாமக்கல் நெடுஞ்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிறது. அப்படியானால் அது மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது. எடையில் 745 கிராம். வினாடிக்குக் கணக்கிட்டால் 0.207 கிராம்.

கால் கிராம்கூட இல்லை! பங்குக் குழாய் வினாடிக்கு அரைக் கிலோ கொட்டுகிறது. மோட்டார் சைக்கிள் அதை 2,400 மடங்கு மெதுவாகக் குடிக்கிறது. ஒரு வினாடி போட்ட பெட்ரோல், நாற்பது நிமிடம் ஓடுவதற்குப் போதும்.

அதே மோட்டார் சைக்கிள் கொல்லிமலை ஏறுகிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வேகம் 25 கிலோமீட்டராகக் குறைந்துவிட்டது. லிட்டருக்கு 25 கிலோமீட்டர்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது இஞ்சின் மணிக்கு எவ்வளவு குடிக்கிறது?

அதே ஒரு லிட்டர்தான்! எடை ஓட்டம் மாறவில்லை. கடந்த தூரம்தான் பாதியாகிவிட்டது. "மைலேஜ் குறைந்துவிட்டது" என்றால் வண்டி அதிகமாகக் குடிக்கிறது என்றுதான் நினைக்கிறோம். எப்போதும் அப்படி அல்ல. அதே அளவு குடித்துவிட்டு, மலைமேல் நம்மைத் தூக்கிச் செல்லவும் அது பாடுபடுகிறது.

இஞ்சினுக்கு லிட்டர் தெரியாது!

"லிட்டரில் வாங்குகிறோம். லிட்டரிலேயே கணக்குப் போட்டால் போகிறது. எடை எதற்கு?" என்று கேட்கலாம்.

இஞ்சினுக்குள் பெட்ரோல் மட்டும் எரிவதில்லை. காற்றோடு சேர்ந்துதான் எரிகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுவதும் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கு மேல் காற்று தேவைப்படும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இந்த விகிதம் எடை விகிதம். 2020 ஏப்ரல் முதல் வந்த புதிய வண்டிகளில், ஒரு சின்ன மின்னணு மூளை இருக்கிறது. உள்ளே வரும் காற்றின் எடையைக் கணக்கிட்டு, அதற்கு ஏற்ற பெட்ரோலைப் பீச்சும்படி அது உத்தரவிடுகிறது.

பெட்ரோல் தரும் வெப்பமும் எடையைப் பொறுத்ததுதான். ஒரு கிலோ பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 43 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து விற்கிறார்களே, அந்த எத்தனால் ஒரு கிலோவுக்கு 27 மெகாஜூல்தான் தரும். ஆனால் அது பெட்ரோலைவிடக் கனமானது. ஆகவே எத்தனால் கலந்த லிட்டர் தராசில் சற்றுக் கூடுதலாக நிற்கும். வெப்பமோ சற்றுக் குறையும். கனமாக இருப்பதெல்லாம் சக்தி அதிகம் என்று எண்ணிவிடக்கூடாது.

எடை கணக்கிலேயே விற்கும் எரிபொருளும் உண்டு. சில பங்குகளில் பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்திலேயே இயற்கை எரிவாயுக் குழாயும் இருக்கும். பெட்ரோல் லிட்டரில், வாயு கிலோவில்! வாயுவை அழுத்தினால் சுருங்கும், விட்டால் விரியும். லிட்டர் கணக்கு அதற்குச் சரிப்படாது.

நாமக்கல் லாரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. தென்னாட்டில் சமையல் வாயு ஏற்றிச் செல்லும் டாங்கி லாரிகளுக்கு நாமக்கல்தான் தலைமையிடம். அந்த லாரி காலியாக ஒரு தடவை எடை மேடை ஏறும். நிரப்பிய பிறகு ஒரு தடவை ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. வீட்டுக்கு வரும் சிலிண்டரிலும் 14.2 கிலோ என்றுதான் எழுதியிருக்கிறது.

வெயிலில் வீங்கும் பெட்ரோல்

பெட்ரோல் விஷயம் வேறு. அதை லிட்டரில்தான் ஏற்றுகிறார்கள். லிட்டரில்தான் இறக்குகிறார்கள்.

சேலம், நாமக்கல் பக்கத்துப் பெரிய எண்ணெய்க் கிடங்கு சங்ககிரியில் இருக்கிறது. சென்னையிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்குப் போகும் இந்தியன் ஆயில் குழாயின் ஒரு கிளை, நிலத்துக்கு அடியில் அங்கே வருகிறது. ஒரே குழாயில் டீசலும் பெட்ரோலும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எங்கே டீசல் முடிந்தது, எங்கே பெட்ரோல் ஆரம்பித்தது என்று எப்படித் தெரியும்? அடர்த்தியை அளக்கும் கருவி சொல்லிவிடும். டீசல் கனம், பெட்ரோல் லேசு.

கிடங்கிலிருந்து லாரி புறப்படுகிறது. கத்திரி வெயில். டாங்கியில் உள்ள 12,000 லிட்டர் பெட்ரோலின் வெப்பம் 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ராசிபுரத்தில் பங்கின் நிலத்தடித் தொட்டியில் அதை இறக்குகிறார்கள். மண்ணுக்கு அடியில் அது 30 டிகிரிக்குக் குளிர்கிறது.

ஒவ்வொரு டிகிரிக்கும் பெட்ரோல் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் சுருங்கும். பத்து டிகிரிக்கு எவ்வளவு? ஏறத்தாழ 145 லிட்டர் "காணாமல்" போய்விடும்!

யாராவது திருடினார்களா? இல்லை. ஆவியாகிப் போயிற்றா? அதுவும் இல்லை. எடை போட்டுப் பார்த்தால், லாரியிலும் 8,670 கிலோதான். தொட்டியிலும் 8,670 கிலோதான். ஒரு கிலோகூடக் குறையவில்லை. லிட்டர்தான் குறைந்தது.

லிட்டரில் வாங்கி லிட்டரில் விற்கிற பங்குக்காரருக்கு இது பெரிய தலைவலி. இந்தக் குறைவை யார் ஏற்பது என்பது நெடுநாள் வழக்கு. கனடா நாட்டுப் பங்குகள் பலவற்றில், குழாயே வெப்பத்தை அறிந்து, 15 டிகிரிக்கு உரிய லிட்டராக மாற்றிக் காட்டிவிடும். நம் நாட்டுப் பங்குகளில் அந்த ஏற்பாடு இல்லை. குழாயிலிருந்து எந்த வெப்பத்தில் வருகிறதோ, அந்த லிட்டர்தான்.

விடியற்காலை ரகசியம்

இதைத் தெரிந்துகொண்ட சிலர் ஒரு யோசனை சொல்வதுண்டு. "விடியற்காலையில் போய்ப் பெட்ரோல் போடு. குளிர்ந்திருக்கும். லிட்டருக்கு எடை அதிகம் கிடைக்கும்!"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஐந்து டிகிரி குளிர்ந்திருந்தால், லிட்டருக்கு ஆறு மில்லிலிட்டர் லாபம். லிட்டர் 100 ரூபாய் என்றால், 60 பைசா. அதுவும் பெட்ரோல் ஐந்து டிகிரி குளிர்ந்திருந்தால்தான்! பெட்ரோல் இருப்பது பூமிக்கு அடியில். வெளியே காலைக்கும் மத்தியானத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும், மண்ணுக்கு அடியில் அது அவ்வளவாகத் தெரியாது. ஆகவே அந்த 60 பைசாவும் கைக்கு வராது. அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்!

கண்ணாடி ஜாடி சொல்லும் உண்மை

அடர்த்தியைப் பார்த்து உண்மையிலேயே லாபம் அடையவேண்டுமானால், அதற்கு வேறு வழி இருக்கிறது.

ஒவ்வொரு பங்கிலும் 500 மில்லி கண்ணாடி ஜாடி, ஹைட்ரோமீட்டர் என்ற மிதவை, வெப்பமானி ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். ஜாடியில் பெட்ரோலை ஊற்றி மிதவையை விடுவார்கள். லேசான பெட்ரோலில் அது ஆழமாக மூழ்கும். கனமான பெட்ரோலில் மேலே நிற்கும். அதில் உள்ள கோட்டைப் படித்தால் அடர்த்தி தெரியும். கூடவே வெப்பத்தையும் குறித்துக்கொள்வார்கள்.

இதோடு முடியவில்லை. 32 டிகிரியில் படித்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. அதற்கென்று அச்சிட்ட அட்டவணை இருக்கிறது. அதைப் பார்த்து, 15 டிகிரிக்கு உரிய எண்ணாக மாற்றுவார்கள். அப்போதுதான் நேற்றைய பெட்ரோலையும் இன்றைய பெட்ரோலையும், சங்ககிரிப் பெட்ரோலையும் ராசிபுரத்துப் பெட்ரோலையும் ஒப்பிட முடியும்.

லாரியோடு வரும் ரசீதில் கிடங்கின் எண் எழுதியிருக்கும். பங்கில் கண்ட எண்ணுக்கும் அதற்கும் லிட்டருக்கு 3 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. இருந்தால் சந்தேகம்தான்!

ஏன்? மண்ணெண்ணெய் பெட்ரோலைவிடக் கனமானது. லிட்டருக்கு ஏறத்தாழ 800 கிராம். பெட்ரோலில் பத்தில் ஒரு பங்கு மண்ணெண்ணெயைக் கலந்தால், 745 கிராம் 750 கிராமைத் தாண்டிவிடும். மிதவை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாக் கலப்படத்தையும் மிதவை பிடித்துவிடும் என்று சொல்ல முடியாது. பெட்ரோலைப் போன்றே அடர்த்தியுள்ள பொருளைக் கலந்தால், சோதனைச்சாலைக்குத்தான் அனுப்பவேண்டும். ஆனால் வாசலில் நிற்கும் முதல் காவல்காரன் இந்த மிதவைதான்.

இந்தச் சோதனையைக் காட்டும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வடிகட்டும் தாளில் ஒரு துளி விட்டுக் காட்டச் சொல்லலாம். நல்ல பெட்ரோல் கறை வைக்காமல் காய்ந்துவிடும். அளவில் சந்தேகம் வந்தால், முத்திரை போட்ட 5 லிட்டர் அளவைக் கலத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் கூடக் குறைய இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: இதையெல்லாம் பங்கிலேயே செய்யச் சொல்லுங்கள். பெட்ரோலை வீட்டுக்குக் கொண்டுபோய் எடை போட்டுப் பார்க்க வேண்டாம். அதன் ஆவி, ஒரு சின்னப் பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும்.

நடுவானில் நின்ற இஞ்சின்கள்

இனி, விமானக் கதை.

1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி. கனடா நாட்டில், ஏர் கனடா கம்பெனியின் போயிங் 767 விமானம் மாண்ட்ரியலில் நின்றுகொண்டிருந்தது. ஒட்டாவா வழியாக எட்மண்டன் போகவேண்டும்.

எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீட்டர் வேலை செய்யவில்லை. கையாலேயே அளந்தார்கள். டாங்கிகளில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவையோ 22,300 கிலோ.

விமானத்தில் ஏன் கிலோ? எண்ணெயின் எடையும் சேர்ந்துதான் விமானத்தின் எடை. இஞ்சின்கள் மணிக்கு எத்தனை கிலோ குடிக்கும் என்று பார்த்துத்தான் பயணத்தைத் திட்டமிடுவார்கள். அளந்தது லிட்டர், வேண்டியது கிலோ. மாற்றவேண்டும்.

எண்ணெய் போட்டவர்களின் சீட்டில் "1.77" என்று இருந்தது. 7,682ஐ 1.77ஆல் பெருக்கினார்கள். 13,597 வந்தது. "இத்தனை கிலோ இருக்கிறது. இன்னும் 8,703 கிலோ போதும்" என்று முடிவு செய்தார்கள். அதை மறுபடி 1.77ஆல் வகுத்து, 4,916 லிட்டர் ஊற்றினார்கள்.

பெருக்கலில் பிழை இல்லை. வகுத்தலிலும் பிழை இல்லை. 1.77 என்ற எண்ணும் சரிதான். ஆனால் அது கிலோ அல்ல. ராத்தல்! லிட்டருக்கு 1.77 ராத்தல்.

கனடா அப்போதுதான் ராத்தலிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. பழைய விமானங்கள் ராத்தல் கணக்கு. இந்தப் புது விமானம் கிலோ கணக்கு. லிட்டருக்கு 0.803 கிலோ என்று பெருக்கியிருக்கவேண்டும். அப்படிச் செய்திருந்தால், 20,088 லிட்டர் ஊற்றியிருப்பார்கள்.

22,300 கிலோ இருப்பதாக எண்ணிக்கொண்டு விமானம் கிளம்பிற்று. உண்மையில் இருந்தது 10,116 கிலோ. பாதிகூட இல்லை!

பாதி வழி. 41,000 அடி உயரம். எச்சரிக்கை மணி ஒலித்தது. சிறிது நேரத்தில் இடப்பக்கத்து இஞ்சின் நின்றது. பிறகு வலப்பக்கத்து இஞ்சினும் நின்றது. விமானி அறையில் இருந்த கருவிகளில் பெரும்பாலானவை கண்ணை மூடிக்கொண்டன.

தலைமை விமானி ராபர்ட் பியர்சன், இஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களை ஓட்டிப் பழகியவர். துணை விமானி மாரிஸ் குவின்டால், முன்பு கிம்லி என்ற ஊரில் விமானப் படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அந்தத் தளம் மூடப்பட்டுவிட்டது. ஆனால் ஓடுபாதை இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அங்கே இறங்குவது என்று தீர்மானித்தார்கள்.

அன்று அந்த ஓடுபாதையில் மோட்டார் பந்தயம்! குடும்பம் குடும்பமாக ஜனங்கள் கூடியிருந்தார்கள். இஞ்சின் ஓசையே இல்லாமல் ஒரு பெரிய விமானம் அவர்களை நோக்கி இறங்கி வந்தது. அதன் முன்சக்கரம் மடங்கிற்று. மூக்கு தரையில் உராய்ந்தது. தீப்பொறி பறக்க ஓடி, ஒருவழியாக நின்றது.

விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். சிலருக்குச் சிறு காயம். தரையில் நின்ற யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த விமானத்தைச் சரி செய்து, 2008 வரை ஓட்டினார்கள். "கிம்லி கிளைடர்" என்று அதற்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது.

விமானிகளின் திறமையால் 69 உயிர்கள் தப்பின. ஆனால் அந்த ஆபத்து எங்கே பிறந்தது? ஒரு சீட்டில், ஒரு எண்ணுக்குப் பக்கத்தில், "ராத்தல்" என்ற சொல் இல்லாத இடத்தில் பிறந்தது.

வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்!

மாணவர்களுக்கும், வண்டி வைத்திருப்பவர்களுக்கும், தொழிற்கூடங்களில் வேலை செய்கிறவர்களுக்கும் பயன்படும் சில எண்கள் இதோ:

எந்தத் திரவத்துக்கும் பொருந்துபவை:
வினாடிக்கு 1 கிலோ = நிமிடத்துக்கு 60 கிலோ = மணிக்கு 3,600 கிலோ = நாளுக்கு 86.4 டன்.
மணிக்கு 1 டன் = நிமிடத்துக்கு 16.67 கிலோ = வினாடிக்கு 0.278 கிலோ.
மணிக்கு 1 கிலோ = மணிக்கு 2.205 ராத்தல் = வினாடிக்கு 0.278 கிராம்.
மணிக்கு 100 ராத்தல் = மணிக்கு 45.36 கிலோ.

லிட்டருக்கு 745 கிராம் உள்ள பெட்ரோலுக்கு மட்டும் பொருந்துபவை:
1 லிட்டர் = 0.745 கிலோ = 1.642 ராத்தல்.
1 கிலோ = 1.342 லிட்டர்.
1 இங்கிலாந்துக் காலன் = 3.387 கிலோ.
1 அமெரிக்கக் காலன் = 2.820 கிலோ.
1 பீப்பாய் = 118.4 கிலோ.
1 டன் = 1,342 லிட்டர் = 8.44 பீப்பாய்.

முதல் பகுதியை மனப்பாடம் செய்யலாம். அது மாறாது. இரண்டாம் பகுதியை மனப்பாடம் செய்யவேண்டாம்! அடர்த்தி மாறினால் அத்தனை எண்களும் மாறிவிடும். ஒவ்வொரு தடவையும் அன்றைய அடர்த்தியைக் கேட்டுத்தான் போடவேண்டும்.

அடுத்த தடவை பங்குக்குப் போகும்போது, குழாயில் ஓடும் ரூபாயை மட்டும் பார்க்காதீர்கள். அன்றைய அடர்த்தி எவ்வளவு, எத்தனை டிகிரிக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், கிலோவா, லிட்டரா, ராத்தலா என்று அதையும் கேளுங்கள்.

கேட்பதற்குக் காசு இல்லை. கேளாமல் விட்டதால், 41,000 அடி உயரத்தில் இரண்டு இஞ்சின்களும் நின்றன.